நம் வீட்டுக்கு வந்த மான் தோல்

செல்வத்துக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே வேறு குறை இல்லை. பந்தலுக்குச் சொல்லியாயிற்று. சாத்தூர் அத்தை வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நீ பேசும்போது வீடு நிறைய ஆள். உன் சித்தி ஒரு பக்கம் அப்பளத்தை எண்ணெயில் போடுகிறாள், பிள்ளைகள் ஒரு பக்கம் கத்துகிறார்கள். அந்த இரைச்சலுக்குள் நீ சொன்னாய்: தனுக்கோடி முதலாளி உன் நம்பரை யாரிடமோ வாங்கி, கோயம்புத்தூருக்கே போன் போட்டுப் பேசினார் என்று. அவருடைய பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை, அதற்கான பரீட்சைக்கு அவரே ஏற்பாடு செய்வார், குடியிருக்க வீடு, கல்யாணம் முடிந்த கையோடு வந்து சேர்ந்துவிட வேண்டியது. "கையெழுத்துப் போட்டாப் போதும்யா, மத்ததுக்கு நான் இருக்கேன்ல" என்றாராம். சொல்லும்போது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. ஊரோடு வந்து எங்களோடு இருக்கலாம் என்ற ஆசை உனக்கு எத்தனை நாளாக இருக்கிறது என்றும் தெரியும். நான் "யோசிச்சுச் சொல்றேன்யா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ முகத்தைச் சுளித்திருப்பாய். நான் யோசித்தது வேலையைப் பற்றி இல்லை. "நான் இருக்கேன்ல" என்ற அந்த வார்த்தையை இதற்கு முன் ஒரு தடவை நம் வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். அப்போது நீ பாலிடெக்னிக் ஆஸ்டலில் இருந்தாய். உனக்கு அந்த வருஷம் பரீட்சை. அதனால் நானும் உன் அப்பாவும் பேசிவைத்துக்கொண்டு உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது சொல்லாமல் இருந்தால்தான் தப்பு.

நான் பட்டாசு வேலையை விட்டுவிட்டு வீட்டில் தோல் பதம் போட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். பட்டாசு மருந்துத் தூள் நெஞ்சில் ஏறி மூச்சு விட முடியாமல் போனபோது டாக்டரே இனி கம்பெனிப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவின் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுத்தோல் மிஞ்சும். அதை வாங்கிப்போன வியாபாரி வருவதை நிறுத்தியிருந்த சமயம். உன் மாமா திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவன். பொங்கலுக்கு வந்தபோது, "மிசினும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்க்கா, இந்தக் கரிசக்காட்டுல நிக்கிற ஆவாரஞ்செடி போதும்" என்று சொல்லிச் செய்து காட்டினான். முதல் தோல் கல்லாகிப் போனது. அடுத்ததில் முடியெல்லாம் கையோடு வந்தது. அதற்கப்புறம் பிடிபட்டுவிட்டது. நீ லீவில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாய், அதனால் முழுதாக ஒருநாளும் பார்த்ததில்லை. உரித்த தோலை உடனே கழுவி, உள்பக்கம் ஒட்டியிருக்கிற கொழுப்பையும் ஜவ்வையும் மழுங்கின அரிவாளால் சுரண்டி எடுக்க வேண்டும். கல்லுப்பை அள்ளித் தேய்த்து வைத்தால் தோல் கொஞ்சநாள் கெடாமல் கிடக்கும். பிறகு ஆவாரம்பட்டையையும் இடித்த கடுக்காயையும் கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில், முதலில் லேசான சாறு, அப்புறம் கட்டிச் சாறு என்று மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது, தோல் கறுத்துவிடும். அதனால்தான் அந்த நீல பிளாஸ்டிக் டிரம். தினமும் கையை விட்டுப் புரட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கிப் பார்த்தால் நடுவரைக்கும் பழுப்பு ஏறியிருக்க வேண்டும். கடைசியில் அலசி, இழுத்துக் கட்டி, ஈரம் போவதற்குள் புங்க எண்ணெய் தேய்த்து, பலகை விளிம்பில் போட்டு இழுத்து இழுத்து மெதுவாக்க வேண்டும். கை ரேகையெல்லாம் பழுப்பாகிவிடும். முடியோடு இருக்கிற அந்தத் தோலை விரித்து உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு வலி குறைகிறது என்று பெரியவர்கள் வாங்கிப்போனார்கள். பூசை பண்ணுகிறவர்கள் வாங்கினார்கள். என் கையால் நான் செய்த பொருளை நாலு பேர் கேட்டு வந்து வாங்கியது எனக்கு அப்போதுதான் முதல் தடவை.

அந்தப் பேச்சு எப்படியோ முதலாளி காதுக்குப் போயிருக்கிறது. தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த நாட்கள். ஊரே வேலை இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு மத்தியானம் அவருடைய ஜீப் வந்து நம் வீட்டு வாசலில் நின்றது. அவர் அதுவரைக்கும் நம் தெருவுக்குள் காலே வைத்ததில்லை. டிரைவர் ஒரு உரச்சாக்கைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டான். போட்ட இடத்தில் ரத்தத் தண்ணீர் கசிந்தது. உன் அப்பா கடையிலிருந்து அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார், சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார்.

"என்னலே முனியசாமி, உம் பொண்டாட்டி நல்லா பதம் போடுதாளாமே. இதையும் போட்டுக் குடுக்கச் சொல்லு. புள்ளிமான். மலையடிவாரத் தோப்புல நாய் கடிச்சுப் போட்டுருச்சு. கெடந்து வீணாப் போகுதேன்னு உரிக்கச் சொன்னேன். மக கட்டிக்கிட்டுப் போன வீட்டுல ஆசப்படுதாக. ஒரு முடி கொட்டப்பிடாது, பாத்துக்க."

உன் அப்பா தரையைப் பார்த்தபடி, "முதலாளி, மான் தோலுன்னா கேஸாயிருமே" என்றார்.

"யாரு கேக்கப் போறா? கேட்டா நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். நாங்கள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் பதிலுக்கு நிற்கவே இல்லை. நம் கறிக்கடை இருந்தது அவருடைய இடத்தில். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர் கம்பெனியில்தான் வேலை. அப்படிப்பட்டவரிடம் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட எங்களுக்குக் கால் வரவில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன். யாராவது தன் பொருளை உன் வீட்டில் வைத்துவிட்டு உன் பதிலைக் கேட்காமல் போனால், அந்தப் பொருள் அப்போதே உன்னுடையதாகிவிட்டது. அவருடையதாக இருப்பது, எல்லாம் சரியாக நடக்கிறவரைக்கும்தான்.

சாக்கை அவிழ்த்தேன். சூடு அடித்தது. காலையில் உரித்ததை ஈரத்தோடு சுருட்டிக் கட்டியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் முடி கழன்றுவிடும். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அது இடம் கொடுக்கவில்லை. தோல் வந்தால் என் கை தானாக ஓடிவிடும். விரித்துப் போட்டு அலசினேன். அழகான தோல், செல்வம். முதுகில் வரிசையாக வெள்ளைப் புள்ளி. கவிழ்த்துப் போட்டு உள்பக்கம் சுரண்டும்போது தோள்பட்டைக்குக் கிட்டே அரிவாளில் எதுவோ நறநறவென்று தட்டியது. விரலால் நோண்டினேன். சின்ன ஈயக்குண்டு. பக்கத்தில் இன்னொன்று. அதைச் சுற்றித் தோலில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. நாய்ப்பல் பட்ட கிழிசல் எங்கேயும் இல்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டு உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஆடு அறுக்கிறவர், ரத்தம் பார்த்துப் பழகினவர். அந்தக் குண்டைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"சுட்டுருக்காக புள்ள" என்றார்.

"நமக்கு எதுக்கு இது? கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க."

"குடுத்தா வாங்குவாருன்னா நெனைக்க? கட நாளைக்கு இருக்காது."

பட்டைத் தண்ணீரில் போடவில்லை. உப்பைத் தேய்த்துச் சுருட்டி, பின்பக்கத்துக் கொட்டகையில் விறகுக்கு அடியில் வைத்தேன். குண்டுகளைக் கிழிசல் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் போட்டேன். ஏன் எடுத்து வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் உன் அப்பா கடையை மூடிவிட்டு வேகவேகமாக வந்தார். டீக்கடையில் எல்லாரும் அதையே பேசுகிறார்களாம்: முதலாளி தோப்பில் பாரஸ்ட்காரர்கள் நுழைந்து தேடியிருக்கிறார்கள், கொம்பும் எலும்பும் கிணற்றோரம் புதைத்து வைத்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், தோலைக் காணவில்லை என்று தேடுகிறார்களாம். நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் மேனேஜர் பால்சாமி சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், நான் கம்பெனியில் இருந்தபோது ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிள் சீட்டைத் தடவிக்கொண்டே பேசினார்.

"அக்கா, முதலாளி சொல்லச் சொன்னாக. யாராச்சும் வந்து கேட்டா, பட்டை உரிக்கப் போன எடத்துல மலையில கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தோம்னு சொல்லிருங்க. கோர்ட்டு கேஸுன்னா வக்கீல் செலவு அம்புட்டும் முதலாளி பாத்துக்கிடுவாக. பயப்பட வேண்டாம்."

"அப்ப தோலத் திருப்பிக் கொண்டு போயிருங்க பால்சாமி" என்றேன்.

"அது முடியாதுக்கா. இப்ப அத யாரும் தொட முடியாது."

அவர் போன பிறகு உன் அப்பா கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தார். எரித்துவிடலாம் என்றார். உப்பு ஏறின பச்சைத் தோல் எரியாது, புகையும், நாறும். நம் ஊரில் எங்கேயாவது புகை தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியோ, யார் வீட்டுப் பிள்ளையோ என்று தெருவே திரண்டு ஓடிவரும். புதைக்கலாம் என்றார். நம் கொட்டகையைச் சுற்றிக் கறிக்கடை நாய்கள் எந்நேரமும் படுத்துக் கிடக்கும், ஒரு முழம் தோண்டுவதற்குள் கூடிவிடும். கிணற்றில் போடலாம் என்றார், பிறகு அவரே வேண்டாம் என்றார், ஊர் குடிக்கிற தண்ணீர். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பயலுக்குப் பரிச்ச வருது, அப்பன் மான் தோலு திருடி ஜெயிலுக்குப் போயிட்டான்னு பேப்பர்ல வந்தா அவன் தலையெடுக்க முடியுமா?" என்று கேட்டார். செல்வம், உன் அப்பாவை நீ பயந்த ஆள் என்று நினைப்பாய். அவர் பயந்தது தனக்காக இல்லை.

"நாமளே கொண்டுபோய் பாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்துருவோம்" என்றேன்.

"நாமளே போயி வெலங்குக்குக் கைய நீட்டுததா?"

"அவுக வந்து எடுத்தா நாம திருடன். நாம கொண்டுபோய்க் குடுத்தா, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தையாச்சும் கேப்பாக."

அவர் சரி என்று சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் கொட்டகையிலிருந்து தோலை எடுத்து வந்து அவரே சாக்கில் வைத்தார். அதன் மேல் ஆவாரம்பட்டைக் கட்டுகளை அடுக்கினார், இலையோடு சேர்த்துத் திணித்து வாயைத் தைத்தார். நான் பட்டைச் சாக்கோடு பஸ் ஏறுவது ஊருக்குப் புதிது இல்லை. அவர் கடையைத் திறக்காவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் நான் மட்டும் போவதாக ஏற்பாடு. குண்டு முடிந்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எம். புதுப்பட்டி விலக்கில் பஸ் ஏறினேன். சாக்கைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் வெயில் ஏறி, பட்டை வாசத்தையும் மீறி அந்த வாடை வர ஆரம்பித்தது. முன்சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். கண்டக்டர் வந்து, "என்னம்மா சாக்குல? கருவாடா?" என்று கேட்டார். "பட்டைய்யா, ஆவாரம்பட்டை" என்றேன். உப்புத் தண்ணீர் சாக்கைவிட்டுக் கசிந்து பலகை மேல் கோடாக ஓடுவதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மேல் என் பாதத்தை வைத்து மறைத்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் பால்சாமி ஏறினார். பஸ்ஸில் அத்தனை சீட்டு இருக்க, எனக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"எங்கனக்கா, காலையிலேயே?"

"தங்கச்சி பட்டை கேட்டா. குடுத்துட்டு வரலாம்னு."

அவர் தலையை ஆட்டினார். சிவகாசிக்கு டிக்கெட் எடுத்தார். நான் சாக்கைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசியில் இறங்கும்போது நான் குனிவதற்குள் அவர், "விடுங்கக்கா, நான் தூக்குதேன்" என்று சாக்கைத் தூக்கிக் கீழே இறக்கிவைத்துவிட்டார். கையைப் பார்த்தார். ஈரம். மோந்து பார்க்கவில்லை, பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"பட்டை ஈரமா இருக்கே" என்றார்.

"ஊறப்போட்டது."

அவர் கையை வேட்டியில் துடைத்தார். என் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார். "பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாரஸ்ட் ஆபீஸ் இருக்கிற ஊருக்குப் பஸ் மாறி ஏறினேன், அது கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போன் பூத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை, விலகியும் போகவில்லை, நின்றுகொண்டிருந்தார். பஸ் திரும்பிவிட்டது. அந்தப் பயணம் முழுக்க, முதலாளியின் ஜீப் வந்து பஸ்ஸை மறிக்கப்போகிறது என்றே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பாரஸ்ட் ஆபீஸில் ரேஞ்சர் இளவயசுக்காரர். சாக்கைப் பிரித்து நான் தோலை விரித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். குண்டு முடிந்த துணியை மேஜை மேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. "வீட்டுல தோல் பதம் போடுறீங்க. உங்க வீட்டுல மான் தோல் இருந்திருக்கு. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் பெரிய ஆள் பேரச் சொல்றீங்க. நான் எப்படிம்மா நம்புறது?" என்றார். இதற்கு முன்னால் எத்தனை மான் தோல் வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "சத்தியமா இதான்யா ஒண்ணு. நம்ம வீட்டுக்கு வந்து பாருங்க, ஆட்டுத்தோலைத் தவிர ஒண்ணு இருந்தா என்னைக் கொண்டுபோய் உள்ள வையுங்க" என்றேன். அவர் அந்தக் குண்டுகளை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். என்னைப் பின்னால் ஏற்றி, இரண்டு பக்கமும் வனக்காவலர்கள் உட்கார்ந்தார்கள். வந்த பாதையிலேயே திரும்பினோம். ஊருக்குள் அந்த ஜீப் நுழையும்போது பெண்கள் குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனியக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நான் வீட்டில் இல்லை, உன் அப்பா பின்னால் சொன்னதைச் சொல்கிறேன். பால்சாமி கடைசியில் போன் போட்டுவிட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. முதலாளி நேரே கடைக்கு வந்து, "தோலு எங்கலே?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா கறி வெட்டுகிற கையை நிறுத்தாமல், "பட்டைத் தண்ணியில ஊறுது முதலாளி" என்றிருக்கிறார். காட்டு என்று வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். டிரம்மில் அப்போது ஒரு வெள்ளாட்டுத் தோல் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கறுஞ்சிவப்பாக இருக்கும், உள்ளே முடி அசைவது மட்டும்தான் தெரியும்.

"என்னலே, புள்ளியவே காணோம்?"

"ஊறையில புள்ளி தெரியாது முதலாளி. அலசி எண்ணெ போட்டாத்தான் வெளிக்கு வரும்."

"எடு, பாப்போம்."

"இப்ப எடுத்தா காத்துப் பட்டு முடி கழண்டுரும் முதலாளி. ஒரு முடி கொட்டப்பிடாதுன்னு நீங்கதான சொன்னீக."

ஒரு பொய் கூடச் சொல்லத் தெரியாத மனிதர், செல்வம், அன்றைக்கு நான் திரும்பி வருகிற வரைக்கும் அந்த டிரம் பக்கத்தில் நின்று அவரைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் ஜீப் தெருமுனையில் நின்றபோது முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நாங்கள் இறங்கி வேலி ஓரமாக நடந்து வரும்போது அவர் சத்தம் வெளியே கேட்டது. ரேஞ்சர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். வேலி இடுக்கு வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. முதலாளி வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டிக்கூட விடாமல் தோள்வரைக்கும் டிரம்முக்குள் கையை விட்டு, தோலை வெளியே இழுத்தார். கட்டையான கறுப்பு முடி. சொட்டச் சொட்ட அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"ஏலே, இது வெள்ளாட்டுத் தோலுல்லாலே! நான் குடுத்த மான் தோலு எங்கலே? எங்கன கொண்டு போயிருக்கா உம் பொண்டாட்டி?"

ரேஞ்சர் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முதலாளி கையில் தோலோடு திரும்பினார். பட்டைச் சாறு முழங்கையிலிருந்து வேட்டியில் வழிந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத வராது. "சார், இவன் வேட்டைக்காரப் பய, இவன் வீட்டச் சோதன போடுங்க" என்று ஆரம்பித்தார். ரேஞ்சர், "போடத்தான் வந்தோம். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். உன் அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. 

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதே. முதலாளி ஜாமீனில் வந்துவிட்டார். கடை இடத்தைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார். ரோடு போடுவதற்காகக் கடையை மாற்றினோம் என்று உனக்குச் சொன்னது பொய். சோதனை என்று வீட்டிலிருந்த ஆட்டுத்தோல் எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். பாதி பதத்தில் இருந்தவை, இழுத்துக் கட்டிக் காய்ந்துகொண்டிருந்தவை, ஆர்டர் சொன்னவருக்கு எண்ணெய் போட்டு மடித்து வைத்திருந்தது, எல்லாம் ஒரே மூட்டையாக. திரும்பக் கொடுக்கும்போது புழுத்துப் போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு வந்த அன்றைக்குத்தான் நான் அழுதேன். கூட வேலை பார்த்த பெண்கள் கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை, பேசினால் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். நாங்கள் பஸ் ஸ்டாப் பக்கம் ஓலைக்கொட்டகை போட்டு மறுபடி கடை ஆரம்பித்தோம். நான் மறுபடி பட்டை உரிக்கப் போனேன். நாள்பட நாள்பட எல்லாம் ஆறினது போல ஆயிற்று. முதலாளிகூடப் போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், "என்ன முனியசாமி, சொகமா?" என்று கேட்டார். உன் அப்பா பெருமையோடு வந்து சொன்னார். 

ஆனால் கேஸ் ஆறவில்லை, செல்வம். வாய்தா வாய்தா என்று இழுத்துக்கொண்டே போனது. இப்போது சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. எனக்கும் உன் அப்பாவுக்கும் சம்மன் வந்தது, உன் கல்யாணம் முடிந்து அடுத்த மாசம், மாசியில் ஆஜராக வேண்டும். அது வந்த அதே வாரத்தில்தான் உனக்குப் போன் வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக நீ எங்கே இருக்கிறாய், என்ன படித்தாய் என்று கேட்காதவர், இப்போது உன் நம்பரைத் தேடி வாங்கியிருக்கிறார். அவருடைய பழைய போர்மேன், போன வருஷம் மருந்து ரூமில் தீப்பிடித்தபோது போலீஸ் தேடியதும் ஊரைவிட்டே போய்விட்டான் என்று உனக்குத் தெரிந்திருக்காது. விபத்து நடந்தால் முதலில் பிடிப்பது கையெழுத்துப் போட்டவனைத்தான். அந்த வேலைக்கு இந்தப் பக்கத்து ஆள் யாரும் போகவில்லை. அதற்கும் ஆள் கிடைத்தது, என் வாயையும் அடைத்தது என்று ஒரே போனில் இரண்டு வேலை முடிக்கப் பார்க்கிறார். மகன் தன் கம்பெனியில் கையெழுத்துப் போடும்போது தாய் கூண்டில் ஏறி என்ன பேசுவாள் என்பது அவர் கணக்கு.

நீ வேலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உனக்கு முடிவெடுக்கிற வயசாகிவிட்டது, வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள், அவளிடமும் இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள். ஊருக்கு வந்து எங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும் என்ற ஆசை உன்னைவிட எனக்கு அதிகம். முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ அவர் கம்பெனியில் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, நான் கண்டதைத்தான் சொல்லப்போகிறேன். குண்டு எடுத்ததை, பால்சாமி வந்து சொன்னதை, டிரம்மில் கையை விட்டதை, எதையும் விட மாட்டேன். உன் வேலைக்காக ஒரு வார்த்தையை விழுங்கினால், அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியாது.

உன் அப்பாவுக்குத்தான் பயம். அவரையும் கூண்டில் ஏற்றுவார்கள். வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்பார், அவர் தடுமாறிவிடுவார் என்று இப்போதிருந்தே சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உன்னைக் கேட்கச் சொன்னது அவர் இல்லை, நானாகத்தான் கேட்கிறேன். நாங்கள் சாட்சி சொல்கிற அன்றைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வரமுடியுமா? நீ ஒன்றும் பேச வேண்டாம். அவர் நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நின்றால் போதும்.